பாதாளச் சாக்கடைப் பணியை நடத்துவது எப்படி: எஸ்டிமேட் முதல் தெருவைத் திருப்பிக் கொடுப்பது வரை

பாதாளச் சாக்கடைப் பணி நடக்கும் நகராட்சியில் மாத அறிக்கையின் முதல் வரி பெரும்பாலும் ‘இதுவரை குழாய் பதித்த நீளம்’ என்றுதான் இருக்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு பணியின் நிலையைச் சொல்லவே முடியாது. 40 கிலோமீட்டர் பதித்ததாக இருக்கும். அதில் பாதித் தெருக்களில் ஜல்லி பெயர்ந்து கிடக்கும், ரயில்வே கிராசிங்கில் அனுமதி வராமல் குழாய் இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு நிற்கும், பம்பிங் ஸ்டேஷனுக்கு இடமே கிடைத்திருக்காது. ஊர்க்காரர்களைக் கேட்டால், “என்ன வேலை? தோண்டிப் போட்டுட்டுப் போனாங்க” என்பார்கள்.

நான் வைக்கும் கணக்கு ‘மூடிய நீளம்’. குழாய் பதித்து, சோதனை தேறி, மண்ணை இறுக்கி, மேலே வண்டி ஓடும் அளவுக்குச் சாலை போட்டு முடித்த நீளம் மட்டுமே அதில் சேரும். எஸ்டிமேட், டெண்டர், பில் என்று எல்லாவற்றையும் இந்த ஒரு எண்ணை நோக்கி அமைத்தால் பணி தானாக ஒழுங்குக்கு வரும். புதிதாகச் சேர்ந்த உதவிப் பொறியாளர்களையும் ஒப்பந்ததாரரின் சைட் இன்ஜினியர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். தன் வார்டில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள விரும்பும் கவுன்சிலருக்கும் பயன்படும்.

முதலில் ஊரைக் கேளுங்கள்

ஊரைக் கேட்பது என்றால் ஆலந்தூரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேரும்வரை அது தனி நகராட்சி. 1990களின் கடைசியில் ஆர்.எஸ்.பாரதி நகர்மன்றத் தலைவராக இருந்தபோது, சுமார் 34 கோடி ரூபாயில் சுமார் 120 கிலோமீட்டர் நீளப் பாதாளச் சாக்கடைத் திட்டம் போட்டார்கள். ஒரு குழாய்கூட இறங்காத நேரத்திலேயே வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய், வணிக இணைப்புக்கு 10,000 ரூபாய் என்று மக்களிடம் முன்பணம் வாங்கினார்கள். மிச்சத்துக்குத்தான் கடனும் மானியமும். சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி, நடத்தி, பிறகு ஒப்படைக்கும் முறையில் கொடுத்தார்கள்.

இதைத் தனியார் பங்களிப்புக்கு உதாரணமாக எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்த 5,000 ரூபாய் ரசீது. பணம் கட்டியவர் இணைப்பு வாங்காமல் விடமாட்டார். முன்பணம் வாங்காமல் ‘முதலில் கட்டி முடிப்போம், இணைப்பு பிறகு’ என்று போன ஊர்களில், கோடிக்கணக்கில் பதித்த குழாயில் கழிவுநீர் வராமல் மண் படிந்து கிடக்கும். தெருவுக்குத் தெரு கூட்டம் போட்டு, மாதக் கட்டணம் எவ்வளவு என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் அது விலையேற்றம் ஆகிவிடும்.

லெவல் எடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்

தண்ணீர்க் குழாயில் அழுத்தம் இருக்கும், மேடு பள்ளம் சமாளிக்கலாம். சாக்கடை தானாக ஓட வேண்டும். அதனால் இந்தப் பணியில் எல்லாமே லெவல், அதாவது உயர மட்டம்தான்.

மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பான சிபிஎச்இஇஓவின் கையேட்டுப்படி 200 மில்லிமீட்டர் குழாய்க்குக் குறைந்தபட்ச வாட்டம் (சரிவு) 250க்கு 1. 150 மில்லிமீட்டருக்கு 170க்கு 1. இரண்டு ஆள்நுழைவுக் குழிகளுக்கு (மேன்ஹோல்) இடையே 30 மீட்டர் என்றால், 200 மில்லிமீட்டர் குழாய் 12 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். ஒரு சாண் கூட இல்லை. தெரு 600 மீட்டர் தட்டையாக இருந்தால் மொத்த இறக்கம் 2.4 மீட்டர். 1 மீட்டர் ஆழத்தில் தொடங்கிய குழாய் தெருமுனையில் 3.4 மீட்டரில் இருக்கும். கடலோர ஊர்களில் அந்த ஆழத்துக்கு வெகு முன்பே தண்ணீர் ஊறிவிடும். எங்கே பம்பிங் ஸ்டேஷன் வைப்பது என்பது இந்தக் கணக்கில்தான் முடிவாகிறது.

ஓர் ஊரில் சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் பெயின்ட் அடித்து வைத்த பெஞ்ச் மார்க்கிலிருந்து (உயரம் குறித்து வைத்த அடையாளம்) லெவல் எடுத்துக்கொண்டிருந்தோம். இன்னொரு பெஞ்ச் மார்க்கில் போய் மூடும்போது 7 சென்டிமீட்டர் உதைத்தது. கருவியைச் சந்தேகப்பட்டு இரண்டு நாள் போனது. கடைசியில் பக்கத்து டீக்கடைக்காரர்தான் சொன்னார்: லாரி இடித்த சுவரைப் போன வருஷம் திரும்பக் கட்டினார்களாம். 12 சென்டிமீட்டர் இறக்கத்தில் 7 சென்டிமீட்டர் பிழை இருந்தால் மிஞ்சுவது 5. சாக்கடை ஓடாது, தேங்கும். அன்றிலிருந்து இந்திய நில அளவைத் துறையின் பெஞ்ச் மார்க்கில் தொடங்கி அதிலேயே வந்து மூடாத எந்த லெவல் புத்தகத்தையும் நான் ஏற்பதில்லை.

கழிவுநீர் அளவுக் கணக்கு எளிது. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர், அதில் 80 சதவீதம் சாக்கடைக்கு வரும் என்றால் 108 லிட்டர். 50,000 பேர் கொண்ட பகுதிக்கு நாளொன்றுக்கு 54 லட்சம் லிட்டர். காலை நேர நெரிசலுக்கு இதைப் பெருக்க வேண்டும்: 20,000 பேர் வரை 3 மடங்கு, 50,000 வரை 2.5 மடங்கு, அதற்கு மேல் 7.5 லட்சம் வரை 2.25 மடங்கு.

சோதனைக் குழி

டிசைனுக்கு முன்பே, ஒவ்வொரு முக்கியச் சந்திப்பிலும் சாலைக்குக் குறுக்கே ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு குழி வெட்டிப் பாருங்கள். ஆள் வைத்து வெட்ட வேண்டும், ஜேசிபி கூடாது. வரைபடத்தில் இல்லாதது எல்லாம் அதில் இருக்கும்: யாருக்கும் நினைவில்லாத வார்ப்பிரும்புக் குடிநீர்க் குழாய், விரல் தடிமனில் கறுப்பாக ஓடும் ஆப்டிகல் ஃபைபர், எந்தக் காலத்திலோ கட்டிக் கைவிட்ட செங்கல் வடிகால். மின்வாரியக் கேபிளுக்கு ஓர் அடையாளம் உண்டு. மண்ணின் நிறம் மாறி ஆற்றுமணல் வரும், கூடவே படுக்கையாக ஒரு செங்கல் வரிசை. அந்தச் செங்கல் தட்டுப்பட்டதும் கடப்பாரையை வெளியே போட்டுவிட வேண்டும். அதற்குக் கீழே உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

ஒவ்வொரு குழியையும் படம் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்: எந்த ஆழத்தில் என்ன, சாலை ஓரத்திலிருந்து எத்தனை மீட்டர். ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்று 2023 மார்ச்சில் மத்திய அரசு கொண்டுவந்த செயலியில் பதிவு செய்தால் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குத் தகவல் போகும். பதிவு செய்யுங்கள், ஆனால் அதை நம்பிச் சோதனைக் குழியை விட்டுவிடாதீர்கள். குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் பக்கவாட்டில் 3 மீட்டர் இடைவெளி, குறுக்கிடும் இடத்தில் குடிநீர்க் குழாய் அரை மீட்டராவது மேலே என்பது விதி. குறுகலான தெருவில் 3 மீட்டர் கிடைக்காது. அங்கே குடிநீர்க் குழாயை மாற்றிப் போடும் செலவையும் எஸ்டிமேட்டில் சேர்த்தாக வேண்டும்.

எஸ்டிமேட்டில் விட்டுப்போவது

விலைப்பட்டியலைப் பார்த்துக் குழாய்க்கும் கான்கிரீட்டுக்கும் விலை போடுவது யாராலும் முடியும். பணியைக் கவிழ்ப்பவை வேறு. கடலோர மணலில் வெல் பாயின்ட் (மண்ணில் இறக்கும் உறிஞ்சு குழாய்) வைத்துத் தண்ணீர் இறைக்கும் செலவு. ஷோரிங், அதாவது பள்ளத்தின் பக்கங்கள் சரியாமல் முட்டுக் கொடுப்பது. தோண்டிய மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டித் திரும்பக் கொண்டுவரும் செலவு (6 மீட்டர் தெருவில் மண்ணைக் குவிக்க எங்கே இடம்?). கரிசல் மண் பூமியில் அதே மண்ணைப் போட்டு மூடக் கூடாது என்பதால் வாங்கும் கிராவல். சாலையைப் பழையபடி போடும் செலவு, அதுவும் வெட்டிய அகலத்துக்கு மட்டுமல்லாமல் ஓரம் சரிந்த அகலத்துக்கும் சேர்த்து.

பாறை தனித் தலைவலி. ஊருக்குள் வெடி வைக்க முடியாது, பிரேக்கர் வைத்துத்தான் உடைக்க வேண்டும். எது கெட்டி மண், எது சிதைந்த பாறை, எது பாறை என்பதில் ஒப்பந்ததாரரோடு வரும் சண்டைதான் நான் பார்த்ததிலேயே நீளமானது. பாறை தெரிந்த அன்றே இரு தரப்பும் நின்று, அளவுகோலோடு படம் எடுத்து, அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். குழி மூடிய பிறகு பேசினால் இருவருக்கும் ஆதாரம் இருக்காது.

அனுமதி, டெண்டர்

நகர்மன்றத் தீர்மானம், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி ஆகியவை அலுவலகத்துக்குள் நடப்பவை, துரத்தினால் வந்துவிடும். ரயில்வே கிராசிங், நெடுஞ்சாலைத் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, பம்பிங் ஸ்டேஷன் நிலம் ஆகிய நான்கும் வெளியே இருப்பவை. பம்பிங் ஸ்டேஷன் நிலம் நகராட்சியின் கையில் வருவதற்கு முன் டெண்டர் விடாதீர்கள். ‘பணி நடக்கும்போதே பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்ட இடத்தில், பக்கத்து வீட்டார் தடையாணை வாங்கியபின் மேலே பதித்த அத்தனை குழாயும் போக்கிடம் இல்லாமல் நிற்கும்.

டெண்டருக்குத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, அதன் 2000ஆம் ஆண்டு விதிகள். 2 கோடி ரூபாய் வரையான பணிக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம். பெரிய பணிக்கு இரண்டு உறை முறை: தகுதி தேறியவரின் விலை உறையை மட்டும் திறப்பது.

ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி விலை போடும் ஐட்டம் ரேட் டெண்டரில் மொத்தத் தொகையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. மண் தோண்டுவதற்கும் குழாய் பதிப்பதற்கும் எஸ்டிமேட்டைவிடக் கூட்டியும், சாலை போடுவதற்குக் குறைத்தும் விலை போட்டிருக்கிறாரா என்று வரிவரியாகப் பாருங்கள். இருந்தால் அவருடைய திட்டம் தெளிவு: லாபம் எல்லாம் தோண்டுவதில், சாலை போடுவதில் நஷ்டம். அவர் ஊரெல்லாம் தோண்டிவிட்டுச் சாலைக்கு வரமாட்டார். ‘தோண்டிப் போட்டுட்டுப் போனாங்க’ என்ற வார்த்தை பல ஊர்களில் இந்த விலைப்பட்டியலில்தான் பிறக்கிறது. எஸ்டிமேட்டைவிட இத்தனை சதவீதம் கூடுதல் அல்லது குறைவு என்று ஒரே எண் போடும் சதவீத டெண்டரில் இந்த விளையாட்டு நடக்காது.

இதைத் தடுக்க டெண்டர் ஆவணத்திலேயே இரண்டு நிபந்தனை போடலாம். ஒன்று, குழாய் பதிப்புத் தொகையைப் பிரித்துத் தருவது: பதித்ததும் ஒரு பங்கு, சோதனை தேறியதும் ஒரு பங்கு, சாலை போட்டு முடித்ததும் மிச்சம். இரண்டு, ஒரு வேலைக்குழு ஒரே நேரத்தில் திறந்து வைக்கக்கூடிய பள்ளம் 90 மீட்டர், அதாவது மூன்று குழி இடைவெளி. நான்காவதைத் தொட வேண்டுமானால் முதலாவது மூடியிருக்க வேண்டும். டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் ஒப்பந்ததாரர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும், விலையில் சேர்த்துப் போட்டுக்கொள்வார்கள்.

எந்தத் தெரு, எந்த மாதம்

எப்போதும் கீழிருந்து மேலே. சுத்திகரிப்பு நிலையம், பம்பிங் ஸ்டேஷன், பிரதானக் குழாய், கடைசியில் சந்து பொந்து. இதைத் தலைகீழாகச் செய்ய ஒப்பந்ததாரருக்கு ஆசை வரும், ஏனென்றால் சந்துகளில் ஆழம் குறைவு, வேலை ஓடும், பில் ஏறும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சென்னை மாநகராட்சி பருவமழைக்கு முன்பே சாலை வெட்டத் தடை போடுகிறது. உங்கள் ஊரில் தடை இல்லாவிட்டாலும் செப்டம்பர் கடைசியில் திறந்த பள்ளம் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஊரின் நாட்காட்டி. தேரோடும் வீதியைத் தேருக்கு இரண்டு மாதம் முன்பே முடித்தாக வேண்டும். தேர்ச் சக்கரம் ஏறும்போது புது மண் உள்வாங்கினால் ஊரே திரண்டு வரும். பள்ளி இருக்கும் தெருவைக் கோடை விடுமுறைக்கும், கல்யாண மண்டபத் தெருவை ஆடி மாதத்துக்கும் தள்ளி வையுங்கள்.

பள்ளத்துக்குள்

மத்தியப் பொதுப்பணித் துறையின் பாதுகாப்பு விதிகளில் நான்கு எண்களை மனப்பாடமாக வைத்துக்கொண்டால் போதும். 1.5 மீட்டருக்கு மேல் ஆழமானால் பக்கங்களைச் சரிவாக வெட்டு, இல்லையேல் ஷோரிங் கொடு. தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் அல்லது பள்ளத்தின் பாதி ஆழம், இதில் எது அதிகமோ அவ்வளவு தள்ளிப் போடு. 30 மீட்டருக்கு ஓர் ஏணி. ஏணி தரைக்கு மேல் 90 சென்டிமீட்டர் நீட்டியிருக்க வேண்டும். மண் சரியும்போது ஓடி ஏற எத்தனை நொடி கிடைக்கும் என்று யோசித்தால் ஏணிக் கணக்கு ஏன் என்று புரியும்.

தடுப்பைச் சிவப்பு நாடாவோடு முடித்துக்கொள்ளாதீர்கள். 2022 அக்டோபரில் சென்னையில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளத்தில் இரவில் விழுந்து ஓர் இளம் பத்திரிகையாளர் உயிரிழந்தார். ஆள் சாய்ந்தால் தாங்கும் தகரத் தடுப்பும் இரவு விளக்கும் இல்லாத இடத்தில் மறுநாள் தோண்ட விடக் கூடாது. இரவு எட்டு மணிக்கு ஒரு முறை சைட்டைச் சுற்றி வந்தால் பகலில் தெரியாததெல்லாம் தெரியும்.

குழாய் இறக்கும்போது படுகையைத் தொட்டுப் பாருங்கள். குழாயின் வாய்ப்பகுதி உட்காரச் சிறு குழி பறித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாய் இரண்டு முனையில் மட்டும் நின்று நடுவில் அந்தரத்தில் தொங்கும், மேலே லாரி ஏறியதும் விரிசல் விடும். ஒவ்வொரு குழாயின் அடிமட்டத்தையும் லெவல் பார்த்து எழுதுங்கள், ‘கண்ணுக்கு நேரா இருக்கு சார்’ என்பதை ஏற்காதீர்கள்.

சோதனையில் செலவில்லாத இரண்டு உண்டு. குழாயின் உள்விட்டத்தைவிட 13 மில்லிமீட்டர் சிறிய வழவழப்பான பந்து ஒன்றை மேல்குழியிலிருந்து விட வேண்டும். அது தானாக உருண்டு கீழ்க்குழிக்கு வந்தால் வழியில் சிமென்ட் கலவை துருத்தவில்லை என்று பொருள். அடுத்து ஒரு முனையில் கண்ணாடி, மறுமுனையில் விளக்கு. முழு வட்டமாகத் தெரிந்தால் குழாய் நேர். பிறைபோலத் தெரிந்தால் எங்கோ தொய்ந்திருக்கிறது. கவுன்சிலரைக் கூப்பிட்டு ஒரு முறை அந்தக் கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள். அதன்பின் அவரே எல்லாத் தெருவிலும் கேட்பார். இவற்றோடு குழாயில் தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்ப்பதும் உண்டு. மண் போட்டு மூடுவதற்கு முன் செய்தால்தான் அதற்குப் பலன்.

மூடுவது

குழாயைச் சுற்றிக் கல் இல்லாத மண் அல்லது மணல், அதற்கு மேல் 15 முதல் 20 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் இறுக்க வேண்டும். நடப்பது என்ன? 3 மீட்டர் பள்ளத்தில் ஜேசிபி ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, மேலே தண்ணீர் லாரியைத் திறந்துவிட்டு, சக்கரத்தால் இரண்டு நடை நடந்துவிட்டுப் போகும். முதல் மழையில் அரை அடி இறங்கும். இறுக்கம் 95 சதவீதம் இருக்கிறதா என்று மணல் நிரப்பிப் பார்க்கும் சோதனையை நடு அடுக்கில் செய்யுங்கள். மேல் அடுக்கில் எப்போதும் தேறும்.

உட்புறத் தெருக்களில் உடனே வெட்மிக்ஸ் (ஈரமாகக் கலந்த ஜல்லி) போட்டு வண்டியை ஓடவிட்டு, ஒரு நல்ல மழை பார்த்தபின் தாரோ சிமென்டோ போடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அந்த இடைக்காலத்தில் தூசிக்குத் தினம் இரண்டு வேளை தண்ணீர் தெளிக்கும் பொறுப்பை ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும்.

எம்-புக்

மறைந்துபோகும் வேலைகளை மறைவதற்கு முன் அளந்து எம்-புக்கில் (அளவுப் புத்தகம்) எழுதுவது, தோண்டுமுன் தரைமட்டம் எடுத்து ஒப்பந்ததாரரின் கையெழுத்து வாங்குவது ஆகிய இரண்டும் தவறாமல் நடந்தால் தணிக்கைக்குப் பயப்பட வேண்டாம். எம்-புக்கில் அடித்துத் திருத்தினால் பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போடுங்கள், ஒயிட்னர் பக்கமே போகாதீர்கள். ஆள்நுழைவுக் குழிக் கான்கிரீட்டுக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 456 சொல்லும் எண்ணிக்கையில் கியூப் (சோதனைக்கான கான்கிரீட் கட்டி) எடுத்து, எந்தக் குழியின் கியூப் என்று அதிலேயே கீறி வையுங்கள்.

பார்ட் பில்லை (முடிந்த பகுதிக்கான பில்) இழுத்தடிக்காதீர்கள். மூடிய நீளத்துக்கான பணம் பதினைந்து நாளில் கிடைக்கிறது என்று தெரிந்தால் ஒப்பந்ததாரரே மூடுவதற்கு அவசரப்படுவார். அபராத நோட்டீஸ் அனுப்பி இந்த வேகத்தை வரவழைக்க முடிந்ததில்லை.

இணைப்பும் ஒப்படைப்பும்

பிரதானக் குழாயைப் பதிக்கும்போதே ஒவ்வொரு வீட்டுக்கும் இணைப்பு வாய் விட்டு, மதில் ஓரம் வரை கொண்டுவந்து விடுங்கள். பிறகு வீட்டுக்கு வீடு புதுச் சாலையை வெட்டும் கொடுமை இருக்காது.

ஓடும் சாக்கடையோடு புதுக் குழாயைச் சேர்க்கும் நாளில்தான் ஆபத்து அதிகம். ‘ஒரு நிமிஷம் இறங்கி அடைப்பை எடுத்துட்டு வந்துடுறேன்’ என்று ஒருவர் கிளம்புவார். விடக் கூடாது. பாதுகாப்பு ஏற்பாடில்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறப்பு நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சூப்பர் சக்கர் (கழிவை உறிஞ்சும் வண்டி), ஜெட்ராடிங் (நீரைப் பீய்ச்சி அடைப்பு எடுக்கும் வண்டி) இல்லாமல் அந்த நாளைக் குறிக்கவே வேண்டாம்.

ஒப்படைக்கும்போது கேட்டு வாங்க வேண்டியது, முடிந்தபடியான வரைபடம். டெண்டர் வரைபடத்தின் பெயரை மாற்றிக் கொடுப்பார்கள், திருப்பி அனுப்புங்கள். ஒவ்வொரு ஆள்நுழைவுக் குழிக்கும் எண், மூடியின் மட்டம், குழாயின் அடிமட்டம், அசையாத இரண்டு மூலைகளிலிருந்து அளந்த தூரம் என்று ஒரு பதிவேடு. ‘குழி 114, அம்மன் கோயில் மதில் வடகிழக்கு மூலையிலிருந்து 4.20 மீட்டர், எதிர்வீட்டுத் திண்ணை மூலையிலிருந்து 3.65 மீட்டர்’ என்று எழுதியிருக்க வேண்டும். நாலு வருஷம் கழித்துச் சாலை போட வருபவர்கள் மூடியின் மேலேயே தார் ஊற்றிவிட்டுப் போவார்கள். ஒரு நாள் இரவு தெருவில் சாக்கடை பொங்கும்போது, டார்ச்சும் டேப்பும் வைத்துக்கொண்டு நிற்கும் பணியாளரிடம் அந்தப் பக்கத்தின் நகல் இருந்தால், எங்கே கொத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.